கேட்டுக்கு வந்த தெருவிளக்குக் கம்பம்

புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு, தடால் என்ற சத்தத்தோடு, வேங்கிக்கால் முனையில் இருந்த தெருவிளக்குக் கம்பம் சகாதேவன் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஒயர் எதுவும் அறுந்துவிடவில்லை; எந்த வீட்டிலும் மின்விசிறி நிற்கவில்லை. அதன் பின்னால் பஸ் ஸ்டாப் புங்க மரமும் ஜெராக்ஸ் கடைச் சுவரும் வரிசையாக வந்து நின்றன. பால்காரர் முருகையன் கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பால் ஊற்றினார். பாத்திரத்தோடு வந்த சந்திரகலாவுக்கு, யாரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது கேட்காமலே தெரிந்தது. வயிறு எரிந்தது.

சகாதேவனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கலெக்டர் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக அவர் மணிக்கட்டைப் பிடித்து ஆபீஸ் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனவள் மனைவி சந்திரகலாதான். பள்ளம், மாடு, ஆட்டோ எல்லாம் அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். போன சித்திரையில் நந்தினி என்ற பயிற்சியாளர் ஒரு வெள்ளைக் கோலோடு வந்தாள். வலது கால் வைக்கும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும், தட்டிய சத்தம் எதில் பட்டுத் திரும்புகிறது என்று காதால் பிடிக்க வேண்டும் என்று மூன்று வாரம் பழக்கினாள். நாலாவது வாரம் சத்தத்துக்குப் பதிலாகப் பேச்சே திரும்பி வந்தது. கோல் பட்டதும் கம்பம், "ரெண்டடி தள்ளிப் போங்க சார்" என்றது. சுவர், "நான் இதோட முடியறேன், திரும்பிக்குங்க" என்றது. ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. அப்புறம் பால் விலை ஏறியதும் அதைப் பேசப் போய்விட்டது.

சகாதேவன் மட்டும் தினமும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார். "புங்க மரம் பூ வுட்டுருக்குதாம் கலா, எனக்குத்தான் மொதல்ல சொல்லிச்சி." அன்று சாம்பாரில் உப்பு ஜாஸ்தி; அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். திங்கட்கிழமை அவள் கோலை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, "காணோங்க, நானே இட்டுனு போறேன்" என்றாள். இரண்டு நாள் அந்த மணிக்கட்டு மறுபடி அவள் கையில் இருந்தது. வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அடுத்தவ புருஷன் பின்னாடி அலையறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்தினாள் சந்திரகலா. கோல் படாமல் மூன்றும் பேசாது. ஆத்திரத்தில் உள்ளே ஓடி, டிரம்மில் இருந்து கோலை உருவி வந்து, அரிசி சிதறக் கம்பத்தின்மேல் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

உள்ளே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த சகாதேவன், அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினார். கம்பம் தாழ்ந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது:

"பதினெட்டு வருஷம் அவர எங்க பக்கம் திரும்பவே வுடாம இழுத்துனு போனியேம்மா, அப்ப எங்க வயித்தெரிச்சல நாங்க யாருகிட்ட போயி கொட்டினோம்?"