ராட்டினம் தள்ளுகிறவர்

1

இந்தக் கதை ஒரு ஹார்டுவேர் கடையில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிற்பாடு வாசகர்களே கண்டுபிடித்து ‘அட, இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்குவதைவிட இதில் மானம் கொஞ்சம் மிஞ்சும்.

மேசை முனைகளில் ஒட்டுகிற ரப்பர் மூலைகளை வாங்க எழுத்தாளர் அந்தக் கடைக்குப் போயிருந்தார். தவழ்கிற குழந்தை இருக்கும் வீடுகளில் ஒட்டுவார்களே, அதேதான்.

“பேரப்பிள்ளைக்கா சார்? எத்தனை மாசம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“இல்ல, வீட்டம்மாவுக்கு.”

கடைக்காரர் பொருளைக் காகிதத்தில் சுற்றுவதில் தேவைக்கு மேல் கவனமாகிவிட்டார். அதைப் பார்த்து நெளிந்துகொண்டு நின்றபோதுதான் எழுத்தாளருக்குத் தம் சின்ன வயது விளையாட்டு மைதானம் ஞாபகம் வந்தது. எங்கே பார்த்தாலும் இரும்பு, எங்கே தொட்டாலும் கூர். ஒரு முனையிலும் யாரும் எதையும் ஒட்டி வைத்திருக்கவில்லை. அடடா, இதை எழுதலாமே என்று தோன்றியது. இப்படி அடடா என்று தோன்றியவற்றில் முக்கால்வாசி அவருடைய மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

(எழுத்தாளர் என்பது வேறு யாருமில்லை, இதை எழுதுகிற ஆள்தான். ‘நான்’ என்று ஆரம்பித்தால் தம்மைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறார். ‘அவர்’ என்றால் கொஞ்சம் கூச்சம் வருகிறது. தவிர, வீட்டில் கிடைக்காத மரியாதை இங்கேயாவது கிடைக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘அந்தக் காலத்தில் குழந்தைகள் விழுந்தார்கள், எழுந்தார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகளோ’

இந்த இடத்தில் எழுத்தாளருக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இரண்டாவது தொடக்கம்: ‘இரும்பு சூடாக இருந்தது.’

இது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நறுக்கென்று இருக்கிறது என்று தாமே தலையாட்டிக்கொண்டார். அடுத்த வாக்கியம் வரும் என்று ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். இரும்புதான் ஆறிப்போயிற்று.

மூன்றாவது தொடக்கம், வேறு வழியில்லாமல், நடந்தது நடந்தபடி:

அந்த மைதானத்தில் புல் கிடையாது, சரளைக்கல். உயரமான சறுக்குமரம் ஒன்று இருந்தது. அதன் தகடு பாதி வழியில் ஓரிடத்தில் பிளந்து மேலே தூக்கிக்கொண்டிருக்கும். அந்த இடம் வரும்போது இடுப்பை எக்கிக்கொள்ள வேண்டும். மறந்தவர்கள் கால்சட்டையில் காற்றோட்டத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சீசா பலகையில் எதிரே உட்கார்ந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கினால், உயரத்தில் இருப்பவனுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருப்பது அன்றுதான் தெரியும். ஊஞ்சல் சங்கிலி உள்ளங்கைச் சதையைக் கவ்வும்.

எல்லாவற்றுக்கும் ராஜா அந்த ராட்டினம். தரையை ஒட்டி ஒரு வட்டத் தகடு, நடுவே அச்சு, பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பிகள். ஒருவர் வெளியே நின்று கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். வேகம் போதும் என்றதும் மேலே இருப்பவர்கள் “விடு!” என்று கத்துவார்கள். உடனே கையை எடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். எழுதப்படாத இந்தச் சட்டத்தை மீறினவனுக்கு மறுநாள் ஆட்டத்தில் இடமில்லை.

எழுத்தாளர் ஏறினால் வாந்தி எடுப்பார். அதனால் தள்ளுகிற வேலை அவருக்கு வந்து சேர்ந்தது. ‘தள்ளு’ என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். அவருடைய அம்மாவே ஒருநாள் மறந்துபோய், “தள்ளு, சாப்பிட வா” என்று கூப்பிட்டாள். அவருக்கு அதில் வருத்தமில்லை. தாம் இல்லாவிட்டால் ராட்டினமே இல்லை என்று அவர் நம்பினார். இன்றுவரை எங்கே பேசினாலும், “நாங்கல்லாம் அந்த ராட்டினத்துல வளர்ந்தவங்க” என்பார். ‘பக்கத்தில்’ என்ற சொல்லை விழுங்கிவிடுவார்.

3

கதைக்கு ஒரு வீராங்கனை வேண்டும். இருக்கிறாள். பம்பரம் என்று பெயர்.*

சுற்றுகிற ராட்டினத்தின் நடுவே எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, முகத்தை மேலே தூக்கிக்கொள்வாள். இறங்கியதும் கோடு போட்ட மாதிரி நேராக நடப்பாள். எழுதிப் பார்த்தபோது எழுத்தாளருக்கே சந்தேகம் வந்தது. யார் நம்புவார்கள்? கதையில் வருகிற பிள்ளை விழ வேண்டாமா?

ஆகவே முதல் வரைவில் அவள் மணிக்கட்டை உடைத்தார். இரண்டாவதில் மோவாயில் தையல் போட்டார். மூன்றாவதில் மனசு கேட்காமல் ஒரு பல்லோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் உண்மையில் பம்பரம் ஒருநாளும் விழவில்லை. இலக்கியத்துக்கு ஒத்துழைக்காத பிறவி.

* பிற்பாடு இவள்தான் எழுத்தாளரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வெளியாட்கள் முன்னால் அவரை “ஏங்க” என்பாள். வீட்டில் “தள்ளு”. கோபம் வந்தால் “டேய் தள்ளு”.

4

ஆனால் இந்த வருஷ மழைக்காலத்தில் பம்பரம் விழுந்தாள்.

ராட்டினத்திலிருந்து அல்ல, சொந்த வீட்டுக் குளியலறையில். எழுத்தாளர் அப்போது ‘காற்று’ என்பதற்கு அடைமொழி தேடிக்கொண்டிருந்தார். குவளை உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டினார், கூப்பிட்டார். உள்ளே இருந்து “இருக்கேன்டா, கத்தாத” என்ற குரல் வருகிற வரைக்கும் அவர் உயிர் அவரிடம் இல்லை. அவள் இல்லாத வீட்டை அந்தக் கதவுக்கு வெளியே நின்றபடி அவர் பார்த்துவிட்டார். இதில் கிண்டலுக்கு ஒன்றுமில்லை.

“காதுக்குள்ள இருக்கற சமநிலை கொஞ்சம் தடுமாறுது, பயப்பட ஒண்ணுமில்ல. பயிற்சி சொல்லித் தர்றேன், பழையபடி நடமாடுங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் விழுந்துடாமப் பார்த்துக்கங்க” என்றார் டாக்டர்.

எழுத்தாளர் கடைசி வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குளியலறையில் ரப்பர் விரிப்பு, கூடத்தில் ரப்பர் விரிப்பு, சுவரெல்லாம் கைப்பிடி. மாடிப்படிக்கு ஒரு குட்டிக் கதவு. அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். கதவு ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய விசிலைக்கூட, எட்டி எடுக்கும்போது தலை சுற்றினால் என்ன செய்வது என்று, இறக்கி மேசையில் வைத்தார். பிறகு அந்த மேசை முனைக்கு ரப்பர் ஒட்டி, அதன் முன் உட்கார்ந்து, அபாயத்தில் வளர்ந்த பால்யத்தின் பெருமையை எழுதினார்.

போன வாரம் டாக்டர், “இனி வேலைக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டார்.

(அன்றைக்கே தலைமையாசிரியைக்குப் போன் செய்து, இனி அவள் வரமாட்டாள் என்று சொன்னதை இங்கே எழுத வேண்டாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

5

எழுத்தாளர் ஓய்வு பெறும்வரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். அங்கே ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் அச்சுத்தாளைப் பார்ப்பார். படிக்கிறவர் நிறுத்தக்குறிகளையும் விடாமல் சொல்ல வேண்டும். படிக்கிறவராகவே இருந்து இருந்து, பத்திரிகையில் வருகிற மரண அறிவித்தலைக்கூட அவர் ‘கமா’ போட்டுத்தான் வாசிப்பார்.

தலைசுற்றல் வந்ததிலிருந்து அவளால் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே வரைவுகளை இவர் படித்துக் காட்டினார். நேற்று மாலை அவள் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்க, நாலாவது பகுதியை நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டு வந்தார்.

“...சொல்லிவிட்டார், முற்றுப்புள்ளி. அடைப்புக்குறி ஆரம்பம். அன்றைக்கே தலைமையாசிரியைக்குப் போன் செய்து, கமா, இனி அவள் வரமாட்டாள் என்று சொன்னதை இங்கே எழுத வேண்டாம், முற்றுப்புள்ளி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, முற்றுப்புள்ளி. அடைப்புக்குறி முடிவு.”

அச்சகத்தில் அவர் படித்து ஒரு புள்ளி விட்டுப்போனதில்லை. நேற்றும் விட்டுப்போகவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“மறுபடி படி.”

“எதை?”

“அடைப்புக்குறி ஆரம்பத்துலேர்ந்து.”

அவர் தாளை மடித்தார். “இத பாரு... டாக்டர் பாட்டுக்கு சொல்லிட்டுப் போயிடுவாரு. அன்னைக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னவன் நான்.”

“உள்ள விழுந்து கிடந்தவ நான்டா. எனக்குப் பயமில்லைன்னா நினைக்கிற? பயத்தோடயே போகணும்னு நினைக்கிறேன். அந்தப் பிள்ளைங்களை விட்டுட்டு நான் இங்க உட்கார்ந்து உன் கமாவை எண்ணிக்கிட்டு இருக்கவா?”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தாள். அவர் முழங்கையைப் பிடிக்கப் போனார். ஒரு பார்வை பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உன்னை எதுக்கு எப்பவும் தள்ளச் சொன்னோம்னு நினைக்கிற?”

“நல்லாத் தள்ளுவேன். அதான் அந்தப் பேரே...”

“நீயா? நீ ஒருநாளும் தள்ளினதே இல்ல. கம்பியைப் பிடிச்சுப் பின்னால இழுத்துக்கிட்டே ஓடுவ. பொடிசுங்களும் ஏறும், அதான் உன்னைக் கூப்பிடுவோம். வேகமே வராது, அதுங்க பயப்படாம இருக்கும்.”

“அப்ப நீ ஏறினப்போ?”

“நீ இழுப்ப. நான் ஒரு காலைத் தரையில விட்டு உதைப்பேன். அப்படித்தான் சுத்துச்சு அது.”

(இதன்படி இரண்டாவது பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். எழுத்தாளருக்குத் தெம்பில்லை. ஒரு மனிதனின் வாழ்நாள் பெருமை ஒரு நாற்காலிக்கும் ஒரு ஜன்னலுக்கும் இடையே காலியானால் கொஞ்சம் உட்காரத் தோன்றும். பெருமைப்பட்டவர் பட்டபடியே அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.)

6

“ராட்டினத்தைப் பத்தி இவ்வளவு எழுதினியே, அது இன்னும் இருக்கா இல்லையான்னு போய்ப் பார்த்தியா?”

பார்க்கவில்லை. மைதானம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ‘அந்த ராட்டினம் இன்று இல்லை’ என்று முடியும் கடைசிப் பத்தியை அவர் முன்கூட்டியே எழுதி, தாமே கலங்கியும் வைத்திருந்தார்.

இன்று காலை இரண்டு பேரும் போனார்கள். ராட்டினம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. சறுக்குமரத்துக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் ஒன்று, சரளைக்கல்லுக்குப் பதில் ரப்பர் தரை. மூலையில் மட்டும் பழைய இரும்பு, அதைக் கழற்ற யாரும் மெனக்கெடவில்லை போலிருக்கிறது. எழுத்தாளரின் கடைசிப் பத்தி அங்கேயே செத்தது.

“பெரியவங்க ஏறக் கூடாதுங்க” என்று எழுந்தார் காவலாளி. அவள் கழுத்தில் விசில் தொங்குவதைப் பார்த்ததும், சோதனைக்கு வந்த அதிகாரியோ என்னவோ என்று, “நல்லா இருக்குங்க, எண்ணெய்கூடப் போட்டிருக்கு” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஏறி, கம்பியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“ஸ்கூலுக்கு நானே போன் பண்ணிக்கறேன். திங்கக்கிழமை போறேன். அதை உன்கிட்ட கேட்கல. கேட்கறது இது ஒண்ணுதான். நான் விடுன்னு சொன்னா விடணும்.”

“சுத்தினா தலை...”

“சுத்தினா இறங்கி உட்கார்ந்துக்குவேன். தள்ளு.”

7

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

ஒன்றில் அவள் சுற்றுகிறாள், சிரிக்கிறாள், அவர் கண் கலங்குகிறார். பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே பறவைகள் பறப்பதாக வேறு எழுதித் தொலைத்திருந்தார்.

இன்னொன்றில் அவள் விழுகிறாள். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிற சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்கிறது. இதைத்தான் வெகு சரளமாக எழுதினார் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறார். கிழித்துவிட்டார்.

மூன்றாவது முடிவில் ராட்டினத்தின் அச்சு துருப்பிடித்து அசையவே

இல்லை, அசைகிறது. காவலாளி எண்ணெய் போட்டுவிட்டார். துரு மீதும் பழி போட வழியில்லை.

ஆக, நடந்துகொண்டிருப்பது இதுதான். எழுத்தாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். தொப்பை குலுங்குகிறது, ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. தள்ளுகிறோம் என்றுதான் நினைக்கிறார். கவனித்துப் பார்த்தால் கை பின்னாலேதான் இழுக்கிறது. அவள் ஒரு காலைத் தரையில் விட்டு உதைக்கிறாள். ஒரு உதை, இன்னொரு உதை. ராட்டினம் அவருடைய ஓட்டத்தைத் தாண்டப் பார்க்கிறது. அவள் முகத்தைச் சற்றே மேலே தூக்குகிறாள்.

“விடு!” என்கிறாள்.

கை விடவில்லை. விட்டால் அவள் விழுந்துவிடுவாள் என்பதல்ல பயம். விட்ட பிறகும் அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருப்பாள். இந்தக் கைக்கு அப்புறம் என்ன வேலை? மூச்சு வாங்க ஓடிக்கொண்டே அடுத்த வரியை எழுத என்னால் முடியாது.

பார்த்தீர்களா, ‘நான்’ வந்துவிட்டேன். அவரை அந்தச் செருப்போடு விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இனி உங்கள் பாடு. மனைவி ஒரு தடவை சொன்னால் யோசிக்கிறவன் நான். வாசகர் சொன்னால் ஒருவேளை கேட்பேன். அவள் சொல்லிவிட்டாள். நீங்களும் கூடச் சேர்ந்து சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே.