கோரோசனைத் தேன்

விருத்தாசலம் ஸ்டேஷன் ரோட்டுப் பிள்ளையார் கோயில் குருக்கள் ஜம்புநாதனுக்கு அரிப்பு கண்டதிலிருந்து அவர் மனைவி பாக்யலட்சுமிக்கு நிம்மதி போயிற்று. மனுஷர் ஒரு கையால் மணியை ஆட்டிக்கொண்டே மறு முழங்கையைத் தூணில் தேய்ப்பார். புது முத்திரை போலிருக்கிறது என்று பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் வெண்பா, "ஈரல்ல பித்தம் எறங்காம தேங்கி நிக்குதுங்க. இந்த மாத்திரை அத ஓட வைக்கும். நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஈரல் இறுகிப் போயிடும்" என்றார். பாக்யலட்சுமி தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாத்திரை கேட்டது. அரிப்பு அடங்கியது. அப்போதுதான் சிவபூஜையில் கரடி நுழைந்தது. அவள் தம்பி கிச்சா போனில் எதையோ படித்துவிட்டு, "அத்திம்பேர், இது கரடிப் பித்தத்துலே இருக்கற சரக்காமே!" என்று கத்தினான். முட்டை பட்ட பாத்திரத்தைக்கூடத் தொடாத குடும்பம். குருக்கள் மாத்திரை அட்டையை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வீசினார்.

மறுபடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். "கரடியெல்லாம் அந்தக் காலங்க. இப்ப மாட்டுப் பித்தத்துலேர்ந்து எடுத்து, கம்பெனியில மாத்திச் செய்யறாங்க" என்றார் வெண்பா. பாவி, கரடியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா!

"மாடா! சிவ சிவா!" என்று எழுந்த குருக்கள், செருப்பைக்கூட மாட்டாமல் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார்.

அரிப்பு திரும்பியது. கண் மஞ்சளித்தது. பாக்யலட்சுமி கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். அவருக்கோ பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"போற உசிரு சுத்தமாப் போகட்டும்டி."

"நீங்க சுத்தமாப் போயிடுவேள். நான் என்ன பண்றது?" என்று கேட்டாள்.

சங்கடஹர சதுர்த்தி வந்தது. மந்திரம் சொல்லுமுன் கோரோசனையைச் சின்னப் பீங்கான் கிண்ணியில் தேனோடு குழைத்து, நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, மிச்சத்தை நக்குவது குருக்களின் வழக்கம். குரல் கணீரென்று வருமாம். அது பசுவின் நெற்றியிலிருந்து தானாக உதிர்வது என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். வீட்டில் தீர்ந்துபோனதால், தர்மராஜின் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினாள்.

"இத்துனூண்டுதாம்மா இருக்குது. அறுக்கற மாட்டுல எல்லாமா கெடைக்குது? பித்தப்பையில கல்லு கட்டின மாடா இருக்கணுமே" என்றார் தர்மராஜ்.

"நெத்தியிலேர்ந்து உதிர்றதுன்னு எங்காத்துல சொல்வாரே?"

"நெத்தியிலயா? நல்லா சொன்னாரு போங்க! பித்தம்மா, எறுகிப் போன பித்தம்."

வழியெல்லாம் தனியே சிரித்தபடி வந்தவளைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்காமல் குழைத்துக் கொடுத்தாள். குருக்கள் பொட்டு வைத்துக்கொண்டு விரலைச் சுத்தமாக நக்கினார்.

"ஏன்னா, எப்படி இருக்கு?"

"அமிர்தம்."

"மாட்டுப் பித்தப்பைக் கல்லாம். தர்மராஜ் சொன்னார்."

நாக்கு விரலோடு நின்றுவிட்டது. "பொய்! கிச்சா, உன் போனைப் பாரு!"

கிச்சா பார்த்தான். "நிஜம்தான் அத்திம்பேர்" என்று சொல்லிவிட்டு, அடி விழுமோ என்று இரண்டடி தள்ளி நின்றான்.

குருக்கள் கிண்ணியைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். முழங்கையைத் தூணில் இரண்டு தேய் தேய்த்தார். பிறகு தீர்த்தம் வாங்குவதுபோல் வலது கையைக் குழித்து நீட்டினார்.

"கோமாதா பிரசாதம்னு அந்த டாக்டர் பொண்ணு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் எழுந்து வரேன்? படிச்சவாளுக்குப் பேசவே தெரியலை."

நாளெல்லாம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை அவர் கையில் போட்டாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினார். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுகை முந்திக்கொண்டது.

"அழாதேடி. நாளைக்கு டாக்டர்ட்ட போலாம். என் செருப்பும் அங்கேதான் கெடக்கு."