மாக்ஸினுக்கு ஒரு கேசட்

“அக்கா, ரேடியோவ அணைச்சதும் அந்தப் பாட்டு எங்க போவுது?”

ஆறு வயதில் கிளைவ் கேட்ட கேள்வி அது. மாக்ஸினுக்கு அப்போது பதினான்கு. ஒரே கட்டில், ஒரே போர்வை. அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் ரேடியோ.

“எங்கயும் போவாது. நான் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். வாய மூடிட்டுத் தூங்கு.”

தொணதொணப்பு நின்றால் போதும் என்று சொன்ன பதில். அவனோ அதை அப்படியே நம்பித் தூங்கிவிட்டான்.

அந்தக் கிளைவ்தான் இப்போது ஐம்பது வயதில் பெட்டிக்குள் படுத்திருந்தான். ஷெஃபீல்டின் மேட்டில், மழைக்கு நடுவே இருந்த எரியூட்டுக்கூடத்தில், அவனுடைய பழைய கேசட் பிளேயரோடு மாக்ஸின் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே கேசட் போட வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கனத்தை டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் அவளுக்குத் தொடை மரத்துப்போயிருந்தது. செத்தும் கொடுத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். செத்தும் படுத்துகிறவன் கிளைவ் ஒருவன்தான்.

கேசட் அவன் அறையில், அவன் பாட்டுக் கட்டும் சிந்தசைசர் என்ற மின்சாரக் கீபோர்டின் தலைமேல் இருந்தது. ‘மாக்ஸினுக்கு’ என்று வெள்ளி மையால் எழுதியிருந்தான். தன் கடைசிப் பயணத்துக்கு அவனே போட்டு வைத்த பாட்டு என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்?

பொத்தானை அழுத்தினாள்.

அப்பா வேலை பார்த்த எஃகு ஆலையில் தகடு அறுக்கும்போது வருமே, அந்தச் சத்தம். கீச்சென்று கிளம்பி, கரகரத்து, மறுபடி கீச்சிட்டது. நிற்பதாக இல்லை. ஈனிட் அத்தை காது மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பின்வரிசையில் கிளைவின் ரசிகர்கள், ஒல்லி டையும் ஒருபக்கம் சரிந்த முடியுமாக ஐம்பது தாண்டிய ஏழெட்டுப் பேர், கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஒருவர் அழுதேவிட்டார். போதகர் ப்ரைஸ் மட்டும், அது ஏதோ பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பதைப் போல, முடிகிறவரை தலை கவிழ்ந்து நின்றார். முடிந்ததும் மெதுவாக “ஆமென்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மாக்ஸின் அவர் காலில் விழுந்திருப்பாள்.

பிறகு பப்பின் மாடியில் எல்லோருக்கும் தேநீரும் சாண்ட்விச்சும்.

“இந்த எழவுக்குத்தானா முப்பது வருஷமா சம்பாதிச்சதெல்லாம் கொட்டினான்?” என்றாள் ஈனிட் அத்தை.

“அத்தே, மெதுவா.”

“எனக்குக் காது கேக்கல, எப்படி மெதுவாப் பேசறது?”

ஒல்லி டைக்காரர் ஒருவர் வந்து மாக்ஸினின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன துணிச்சல்! எண்பத்தொண்ணாம் வருஷத்துப் பாட்ட அப்படியே கொண்டாந்து நிறுத்துவாரு. இன்னிக்கு அதையும் உடைச்சுட்டாரு. அவரோட உச்சம் இதுதாங்க.”

“உச்சமா? எனக்கு உச்சந்தலை வலிக்குதுங்க.”

தம்பியின் பாட்டு எதுவுமே அவளுக்குப் பிடித்ததில்லை. தலையணை வைத்து அமுக்கினாற்போல இருக்கும். “ஏண்டா எல்லாம் மூக்கடைச்ச மாதிரியே இருக்கு?” என்று கேட்டால், “அது அப்படித்தாங்க்கா இருக்கணும்” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எரிச்சல்தான்.

கண்ணிமையில் வெள்ளிப் பூச்சோடு ஒரு பெண் தட்டை ஏந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “நான் ஹேசல். ஸ்கூல் பஸ் ஓட்டறேன். கிளைவோட மெஷினெல்லாம் ரிப்பேர் பண்ணித் தர்றது நான்தான். அக்கா, கோச்சுக்காதீங்க. அது பாட்டே இல்ல.”

“அப்பாடா. நீயாவது சொன்னியே.”

“அந்தப் பெரிய சிந்தசைசரோட ஞாபகம் அது. பழைய மெஷின், தன் மெமரிய கேசட்டுல இப்படிக் கீச்சாத்தான் எழுதி வைக்கும். அவர் உண்டாக்கின ஒவ்வொரு ஓசையும் அந்தக் கீச்சுக்குள்ளதான் இருக்கு. மெஷின் உள்ள இருக்கிற பேட்டரி எப்பவோ செத்துடுச்சு. மாத்தித் தர்றேன்னேன், திறந்தா எல்லாம் போயிடும்னு விடல. கரண்ட் போனாலும் அழிஞ்சிடும், அதான் அவர் அணைக்கறதே இல்ல. இப்பவும் ஓடிட்டுத்தானே இருக்கு?”

மாக்ஸின் கையிலிருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள்.

கேசட்டை எடுக்க இன்று காலையில்தான் போனாள். ஆளில்லாத வீட்டில் அந்த மெஷின் மட்டும் சூடாக முனகிக்கொண்டிருந்தது. சுவர் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்திரி, அதில் ‘அணைக்கக் கூடாது’ என்று எழுத்து. வீடு பற்றி எரிந்தால் யார் பதில் சொல்வது என்று திட்டிக்கொண்டே, பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்து சுவிட்சைத் தட்டியிருந்தாள்.

“அணைச்சுட்டேன்,” என்றாள்.

ஹேசல் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். “அப்ப அந்தக் கேசட்தான் மிச்சம். அத மெஷினுக்குள்ள ஏத்தினா எல்லாம் திரும்பி வரும். சத்தம் கம்மியா வச்சாலும் ஏறாது, ஜாஸ்தியா வச்சாலும் ஏறாது. ஆனா பழைய நாடா. இன்னும் எத்தனை ஓட்டம் தாங்குமோ தெரியாது. நானும் வரட்டுமா?”

“வேணாம்மா. கெடுத்தது நான். எந்த ஓட்டையில எந்த வயர்னு மட்டும் சொல்லு.”

“ஏறிடுச்சுன்னா அணைக்காம வையுங்க. சனிக்கிழமை வந்து, கரண்ட் போகாமலே பேட்டரி போட்டுத் தர்றேன்.”

கிளைவின் அறை குளிர்ந்து கிடந்தது. மாக்ஸின் கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு வயரைச் செருகினாள், சுவிட்சைப் போட்டாள், கேசட்டை ஓடவிட்டாள். கீச்சென்றது. மெஷினின் சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடின, நின்றன, ‘பிழை’ என்றது.

“உன் தலை,” என்றாள் மாக்ஸின்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். மறுபடியும் பிழை. மூன்றாம் முறை நாடாவே சிக்கிக்கொண்டது. வெளியே இழுத்தபோது ஒரு சாண் நீளம் கசங்கியிருந்தது. மேசையிலிருந்த பென்சிலைச் சக்கரத்தில் நுழைத்து, விரலால் நீவி நீவி, அங்குலம் அங்குலமாகச் சுற்றி உள்ளே அனுப்பினாள்.

“மெதுவா வாடா. உன்ன யாரும் அடிக்க வரல.”

அவள் ஜெபம் செய்து வருடக்கணக்காகிவிட்டது. இப்போதும் அது சண்டை போலத்தான் வந்தது. “ஆண்டவரே, ஆளைத்தான் எடுத்துக்கிட்டீங்க. சத்தத்தையாவது விட்டுக் கொடுங்க.”

ஒரு மயிரிழை குறைத்து வைத்து, மறுபடி ஓடவிட்டாள். அந்தக் கீச்சு முழுவதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கசங்கின இடத்தில் ஒரு விக்கல், தாண்டிவிட்டது. பிறகு கண்ணாடியில் ‘பிழை’க்குப் பதில் ‘1’ வந்து அசையாமல் நின்றது.

ஒரு கட்டையை அழுத்தினாள்.

மங்கலாக, கதகதப்பாக, கம்பளிக்கு உள்ளேயிருந்து வருகிற மாதிரி ஓர் ஓசை எழுந்தது. அடியில் லேசாக ஒரு கரகரப்பு, ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோவில் வருவது போல.

அவள் வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. எடுத்தபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது.

காலையில் பிய்த்த பிளாஸ்திரி தரையில் கிடந்தது. ஒட்டுமா என்று பார்த்தாள், ஒட்டவில்லை. கைப்பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துச் சுவிட்சின் மேல் ஒட்டி, கட்டை விரலால் நான்கு மூலையையும் அழுத்தினாள். கட்டிலில் கிடந்த கிளைவின் போர்வையை எடுத்து உதறி, மெஷினின் மேல் போர்த்தினாள். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவருகே திரும்பிப் பார்த்தாள்.

போர்வைக்குள் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.