ஞாயிற்றுக்கிழமைச் சுத்தியல்

என் கழுத்தில் இரும்பு வளையத்தை மாட்டியவன் என் புருஷன்தான். நான் ஒருமுறை ஓடிப்போய்ப் பிடிபட்டவள். அமெரிக்காவின் கரோலினாவில் ஓடிப்போகும் அடிமைக்கு அதுதான் தண்டனை. என் புருஷன் குவாமினாதான் தோட்டத்துக் கொல்லன். துரை சொன்னால் அவன் அடித்தாக வேண்டும். வளையத்தின் மூன்று பக்கமும் முழ நீளக் கொம்புகள். தலை சாய்த்துப் படுக்க முடியாது. அவன் பக்கத்தில் வந்தபோதெல்லாம் நாயை விரட்டுவது போல விரட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை துரை குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போயிருந்தார். எங்களுக்கும் அன்று வேலை கிடையாது. அவரவர் விளைத்ததைப் படகில் சந்தைக்குக் கொண்டுபோகலாம். படகோட்டி மிங்கோ ஆற்றங்கரையில் பூசணி ஏற்றிக்கொண்டிருந்தான். குவாமினா என்னைப் பட்டறைக்குள் இழுத்துப்போய்க் கத்தியை எடுத்தான்.

"ஜூபா, அசையாம இருடி."

"ஏன், கழுத்தையும் அறுத்துடப் போறியா?"

"முதல்ல உன் வாயத்தான் அறுக்கணும். வளையத்தைப் பூட்டின இந்த ஆணி இரும்பு இல்லடி, ஈயம். கரி பூசி வச்சேன்."

"இத்தனை நாளா ஏன்யா சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும். நீ திட்டத் திட்டத்தான் துரை நம்புனான்."

வளையம் கழன்று விழுந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். தெற்கே ஸ்பானியர் கோட்டைக்குப் போய்விட்டால் ஓடிவந்த ஆளைத் திருப்பித் தர மாட்டார்கள், மிங்கோவும் நம்மோடு வருகிறான் என்றான். அதுவரை பார்ப்பவர்களுக்கு நாங்கள் சந்தைக்குப் போகிறவர்கள். படகில் ஒரு கழுத்தில் வளையம் தெரிந்தாலும் காவல்காரன் நிறுத்திவிடுவான்.

திரும்பினால் வாசலில் தச்சன் பென்போ. அவன் கழுத்திலும் வளையம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

"என்னோடதும் ஈயம்தானே?"

குவாமினா கத்தியைக் கீழே வைத்தான்.

"சொல்லுடா."

"இரும்பு. உனக்காகத் துரைகிட்ட மாட்டிக்க எனக்குத் துணிச்சல் வரல, பென்போ."

"பொண்டாட்டிக்கு ஈயம், ஊருக்கு இரும்பு. நல்ல கொல்லன்டா நீ!" பென்போ சிரித்தான். "போங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் நாங்கள் தள்ளிவிட்டு ஓடியிருப்போம். அந்தச் சிரிப்பைத்தான் என் புருஷனால் தாங்க முடியவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"யோவ், பைத்தியமா உனக்கு? ஞாயித்துக்கிழமை பட்டறையில சத்தம் கேட்டா கங்காணி சும்மா இருப்பானா?"

"நீ படகுல ஏறு. வந்துடறோம்."

பூசணிக் குவியலுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்தது. கங்காணி வீட்டுப் பக்கம் நாய்கள் குரைத்தன. கடைசியில் பென்போ ஓடி வந்து படகில் விழுந்தான். கழுத்தில் ரத்தம். வளையம் இல்லை.

"அவன் எங்கடா?"

"பின்னாடியே வர்றேன்னான்."

சுத்தியல் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. உடைக்க வேறு வளையம் இல்லை. வெறும் பட்டறைக்கல்லைத்தான் அடித்துக்கொண்டிருந்தான். நாய்களும் கங்காணியும் ஆற்றுக்கு வராமல் அங்கே போகட்டும் என்றுதான். மிங்கோவுக்கும் அது புரிந்தது. என்னைக் கேட்காமலே கயிற்றை அவிழ்த்துத் துடுப்பைப் போட்டான்.

நிறுத்திவிட்டு ஓடி வாய்யா, ஓடி வாய்யா என்று கரையைப் பார்த்துக் கெஞ்சினேன். ஆறு வளையும் இடத்தில் சத்தம் நின்றது. ஐயோ, நிறுத்தாதே என்று அலறப் போன என் வாயைப் பென்போ பொத்தினான்.