கைகோத்த காசு

எழுதிப் பழகாத கை இது. கற்றோர் முன்னிலையில் இதை வைக்கத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். எண்ணெய் வணிகன் மெனிப்பஸை அறிந்தவர்கள் குறைந்து வருவதால் மட்டுமே துணிந்தேன்.

ஸ்ட்ரடோனிகியா நகரின் சந்தைச் சதுக்கத்தில் அரசாணை வாசிக்கப்பட்ட மறுநாள் காலை, மெனிப்பஸ் கடையைத் திறக்காமல் சிற்றுளியோடு உட்கார்ந்திருந்தான். பேரரசர் தம் தம்பியைக் கொன்றுவிட்டார். இனி அத்தம்பியின் முகம் எந்தக் காசிலும் இருக்கலாகாது. செதுக்கி நீக்கி, நண்பகலுக்குள் அதிகாரியிடம் காட்ட வேண்டும்.

அவன் மடியில் இருந்தது பெரிய வெண்கலக் காசு. ஒருபுறம் ஒருவரையொருவர் நோக்கும் அரச உடன்பிறப்புகள். மறுபுறம், அவர்களது ஒற்றுமையைப் போற்றிக் கோத்த இரு கைகள். கடை திறந்த நாளில் தந்தை அதைத் தம் இரு மகன்களுக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார்.

"இடப்பக்கம் இருக்கிறது நீதாண்ணே. மூக்கப் பாரு, வெள்ளரிக்கா," என்று அன்றைக்குத் தம்பி லியோன் சிரித்தான்.

"வலப்பக்கம் நீ. கழுதைக்குக்கூட இவ்ளோ பெரிய காது கிடையாது."

லியோன் எண்ணெய்ச் சாடிகளோடு ரோட்ஸ் தீவுக்குக் கப்பலேறி ஏழு ஆண்டுகள். கப்பல் திரும்பவில்லை. அன்றுமுதல், கடையடைக்கும் முன் வலப்பக்க முகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவது மெனிப்பஸின் வழக்கமாயிற்று. ஆணை நீக்கச் சொன்னதும் அந்த முகத்தைத்தான்.

உளியை வைத்தான். அடித்தான்.

மனைவி அஃபியா குனிந்து பார்த்தாள். "என்னங்க இது? ராஜா மூஞ்சிய வெட்டியிருக்கீங்க. தம்பி மூஞ்சி அப்படியே இருக்கு."

"நான் வெட்டினது என் மூஞ்சிய."

"அதப் போய் அதிகாரிகிட்டச் சொல்லுங்க. இருக்கிற மூஞ்சியும் போயிடும்." வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ரெண்டையும் தேச்சிடுங்க. தேஞ்ச காசுன்னு நினைச்சுக்குவாங்க."

சாணைக்கல்லில் தேய்த்தான். முதலில் வெட்டுத் தழும்பு மறைந்தது. காது கடைசியாக மறைந்தது.

நண்பகலில் அதிகாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா, உன் தலை மாதிரியே வழவழன்னு இருக்கு?"

"ரொம்ப வருசமாத் தடவினதுங்கய்யா."

அவர் சிரித்து, காசை அவன் உள்ளங்கையில் போட்டார். கோத்த கைகள் மேலே கிடந்தன.

அன்று மாலை கடையடைக்கும் முன் கட்டைவிரல் பழக்கத்தில் வலப்பக்க முகத்தைத் தேடிச் சென்று, நிற்க இடமின்றி வழுக்கிக்கொண்டே இருந்தது.

இழந்தவை: ஒரு மூக்கு, ஒரு காது, கடலில் ஒருவன்.