தாடைக்குள் ஒரு கோள்மூட்டி

சிங்கி இறாலின் தாடைத் தசைக்குள் ஒரு கோள்மூட்டி உட்கார்ந்திருக்கிறது. தசை கொஞ்சம் இழுபட்டால் போதும், "இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள்" என்று நரம்பு வழியாகப் போட்டுக்கொடுத்துவிடும். படித்தவர்கள் அதை உணர்வு உறுப்பு என்பார்கள். என் மருமகள் கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் நடத்துவது அதோடுதான். என் மகன் சும்மா பேருக்கு.

அன்று வெளித்தேர்வாளர் அந்தக் கோளைத் தன் காதால் கேட்டால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம். இறால் மீசையைக் கண்டாலே என் மகன் மயங்கி விழுவான் என்பதால் ஐஸ் பெட்டி தூக்க நான் போனேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன உத்தியோகம்?

முதலில் தேர்வாளரின் தொப்பை வந்தது. சற்று நேரம் கழித்து அவர் வந்தார்.

குளிர்ந்த உப்புநீர்த் தட்டில் இறாலின் தலை; வெட்டிய பின்னும் அதன் நரம்பு சில மணி நேரம் விழித்திருக்குமாம். தாடைத் தசையில் கட்டிய நூலை மேசையோரத்துத் தாங்கியில் பொருத்திய சின்ன நெம்புகோல் இழுக்கும். நரம்பைத் தொடும் கம்பி, கோளை ஸ்பீக்கருக்கு அனுப்பும். மருமகள் பொத்தானை அழுத்தினாள். நெம்புகோல் அசைந்தது. ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ஹூம்.

"தூங்குதோ?" என்ற தேர்வாளர், மேசைமேல் சாய்ந்து, கட்டடமே உள்ளே போய்விடும் அளவுக்கு ஒரு கொட்டாவி விட்டார்.

ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது.

"அடேயப்பா, என் கொட்டாவிக்குப் பதில் சொல்லுதேம்மா. தாடைக்குத் தாடை உறவு போல. போதும், ஒத்துக்கறேன்."

பட்டம் கைக்கு வந்தாயிற்று. நான் ஐஸ் பெட்டியை மூடவே தொடங்கிவிட்டேன். அவளோ தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசாம இரும்மா," என்றேன் காதோடு.

"முடியாது மாமா, அது பொய்," என்றவள் தேர்வாளரிடம் திரும்பினாள். "சார், நூல் தளர்ந்திருக்கு, அதான் முதல்ல சத்தம் வரல. இப்ப வந்தது கொட்டாவியால இல்ல. உங்க தொப்பை தாங்கியைத் தள்ளிச்சு, நூல் இறுகிடுச்சு. கொஞ்சம் பின்னால நிக்கறீங்களா?"

அந்த அறையில் இறாலுக்கு அடுத்தபடியாக உயிரில்லாமல் இருந்தவன் நான்தான்.

தேர்வாளர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். பின்வாங்கினார். அவள் தாங்கியின் திருகாணியைத் திருப்பி நூலை இறுக்கினாள். மெல்ல இழுத்தால் நாலைந்து படபடப்பு, பலமாக இழுத்தால் அடைமழை, விட்டால் அமைதி. எத்தனை தடவை இழுத்தாலும் அதே கதை.

அவர் மெல்ல முன்னால் வந்து, வேண்டுமென்றே தொப்பையால் தாங்கியை ஓர் இடி இடித்தார். ஸ்பீக்கர் பொரிந்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது மனிதருக்கு.

"நீ பாஸ்மா. ஆனா முதல்ல வந்த சத்தத்துக்கு என்ன காரணம்னு ஆய்வேட்டுல சேர்த்துடு. மறைக்கக் கூடாது."

"என்னன்னு எழுதட்டும் சார்?"

யோசித்தார். "வெளி அழுத்தம்னு எழுது. சுற்றளவு வேண்டாம்."