வலி இல்லாத ஒரு நாள்

ஹமீமாவின் கால்கள் அவள் சொல் கேட்காமல் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. முழங்காலில் தொடங்கும் வலி கணுக்காலுக்கு இறங்கும்; சில நாள் மணிக்கட்டுக்கும் தாவும். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. கண்டிக்குப் போய்ப் படம் பிடித்தார்கள், இரத்தம் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லம்மா" என்று டொக்டர் சொன்னபோது அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. யட்டவத்த ஊர் நாட்டு வைத்தியர் தந்த எண்ணெயால் வீடெல்லாம் நாறியதுதான் மிச்சம்.

கணவன் அப்துல் ஸமத் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்பவன். காரணமில்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவன். கடை மூடி வந்ததும், "ஏன் வலிக்குது? இன்னைக்கு என்ன செஞ்ச?" என்பான். அக்கறையாகத்தான் கேட்டான். அவளுக்கு அது விசாரணை மாதிரி இருந்தது.

அவனுடைய மூத்த சகோதரி றஹீமா ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். அன்று காலை ஹமீமா கண் விழித்தபோது உடம்பில் வலியே இல்லை. நம்பாமல் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு கலியாண வீட்டுக்குப் போய் வட்டிலப்ப இனிப்புக்குத் தேங்காய் துருவினாள், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய சோற்றுச் சகன்களைத் தூக்கிப் போய் வைத்தாள், பெண்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் அவளால் கிணற்றடிவரைகூடப் போக முடியவில்லை; கட்டிலிலேயே கிடந்தாள்.

மிச்சச் சோறு கொண்டுவந்த றஹீமா வாசலில் நின்றே சொன்னாள்: "நேத்து அந்தத் துள்ளு துள்ளின. இன்னைக்குச் சட்டி பானை கழுவ ஆள் தேடினா உனக்கு வலி வந்துட்டு."

வேறு நாளாயிருந்தால் ஹமீமா அழுதிருப்பாள், இல்லாவிட்டால் சத்தியம் செய்திருப்பாள். அன்று இரண்டும் வரவில்லை.

"மதினி, நேத்து வலி இல்ல, வந்தேன். இன்னைக்கு இருக்கு. அதுக்கு மேல எனக்கும் தெரியாது. நல்லா இருந்த ஒரு நாளையும் எனக்குக் குத்தமாக்கிடாதீங்க."

றஹீமா சோற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அப்துல் ஸமத் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எப்ப ரொம்ப வலிக்குது?"

இந்த முறை அவன் 'ஏன்' என்று கேட்கவில்லை. அது அவளுக்கு உறைக்கவே சற்று நேரமானது.

"அடுப்படியில குந்திட்டு எழும்புறப்ப. தொழுகையில சுஜூதுக்குக் குனிஞ்சு எழும்புறப்ப."

"இத ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

அந்த வாரமே மேசன் நாகமுத்து வந்து, அவளை நிற்கவைத்து அளந்து, இடுப்புயரத்துக்கு அடுப்புத் திட்டு கட்டினார். முடியாதவர்கள் உட்கார்ந்தே தொழலாம் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்தான் அப்துல் ஸமத். கதிரையில் உட்கார்ந்து முதன்முதலாகத் தொழுதபோது அவள் அழுதாள். தோற்றுப்போனது போலவும் இருந்தது, பாரம் இறக்கியது போலவும் இருந்தது.

வலி போகவில்லை. வரும், இருக்கும், சொல்லாமல் விலகும். ஆனால் அதை யாருக்கும் நிரூபிக்க அவள் இப்போது மெனக்கெடுவதில்லை.

பெருநாளைக்கு வந்த றஹீமா புது அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. போகிறபோது மட்டும் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இப்ப இடுப்பு நிமிர முடியாம இருக்கு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போங்க மதினி," என்று ஹமீமா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள்.